கப்பலும் தோணியும்

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியாது. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் உச்சிகள் தெரியும். இரவில் கப்பலின் சங்கொலி கேட்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் சரக்குப் பெட்டக லாரிகள் வரிசைகட்டி நிற்பதைக் கொண்டே கடலருகில் வாழ்கிறோம் என்று அறிபவர்கள் நாங்கள். அந்தக் கடலின்மேல் ஒருமுறை சென்றுவர வேண்டும் என்ற ஆசை ஒரு கோடை விடுமுறையில் நிறைவேறியது. விமானத்தில் சில மணி நேரத்தில் அடைந்துவிடக்கூடிய அந்தமானுக்குக் கப்பலில் புறப்பட்டேன். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் பயணம்.

முதல் நாள் வேடிக்கையாகக் கழிந்தது. இரண்டாம் நாள் இரவு காற்று வலுத்தது. அடுக்குப் படுக்கையில் கிடந்த என்னைக் கப்பல் ஒருபுறம் உருட்டி, நான் கம்பியைப் பற்றுவதற்குள் மறுபுறம் உருட்டியது. கீழ்த்தளத்தில் எங்கோ ஒரு தகரப்பெட்டி விடியும்வரை முட்டிக்கொண்டே இருந்தது. இஞ்சியும் எலுமிச்சையும் பயன்படவில்லை. எதிர்ப்படுக்கையில் இருந்த போர்ட் பிளேர்த் தமிழ்க் குடும்பமோ நிம்மதியாக உறங்கியது! ஆண்டுதோறும் ஊருக்கு வந்து திரும்புபவர்களாம்.

தீவுகளில் கண்ட பவளப் பாறைகளையும் அலையாத்திக் காடுகளையும் பற்றி எழுதுவோர் பலர் உண்டு. என் நினைவில் நின்றது, கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் பாதி மண்ணில் புதைந்து கிடந்த ஒரு பதுங்கு குழி. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை அந்தமானைக் கைப்பற்றிய பிறகு கட்டியது. சுற்றுலாப் பயணிகள் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியபின், விடுமுறையின் எஞ்சிய நாள்களில், கிளை நூலகத்திலிருந்து ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்து வந்தேன். அதே 1942 மார்ச்சில், அதே ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைவதிலிருந்து கதை விரிகிறது. நிக்கோபாரின் தென்முனைக்கும் சுமத்ராவுக்கும் இடையே 150 கிலோமீட்டர் அளவே கடல். நான் சாய்ந்து நின்ற கற்சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் நூலின் தெருக்களில் நடமாடத் தொடங்கினார்கள்.

பிறகு அந்தப் புயல் வந்தது. பாண்டியன் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குச் செல்லும் மரத்தோணி அதில் சிக்குகிறது. இரும்புக் கப்பலில் உணவும் மருத்துவரும் சூழக் கிடந்தே கலங்கிய என் உடல், அப்பக்கங்களைப் படிக்கையில் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டது. பயணத்துக்கு முன்பே அந்த இடத்தைப் பற்றிய நூலைப் படித்துச் செல்வது நல்லது என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முன்பே படித்திருந்தால் அந்தப் புயலைச் சொல்லழகாக மட்டுமே கண்டிருப்பேன்.

சிங்காரம் சிங்கம்புணரியில் பிறந்தவர். இளம்வயதில் மெடானுக்குப் பிழைக்கச் சென்று, போர் முடிந்தபின் 1946இல் தாயகம் திரும்பியவர். கடலே இல்லாத மதுரையில், நாளிதழ் ஒன்றில் பணியாற்றிக்கொண்டே இந்நாவலை எழுதினார். பல ஆண்டுகள் காத்திருந்து 1972இல்தான் இது நூலாயிற்று. அவ்வளவு காலமும் அந்தக் கடல் அவருக்குள் அடங்காமல் இருந்திருக்க வேண்டும்.

நாவலை முடித்த மாலையில், பக்கத்து வீட்டுப் பெரியவளின் நினைவு வந்தது. பர்மாவில் கடைகள் அரசுடைமையானபோது, 1964இல், குடும்பத்தோடு இரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர் அவர். இருபது ஆண்டு அண்டைவீட்டுப் பழக்கத்தில் அந்தப் பயணத்தைப் பற்றி எங்களுக்குள் பேச்சே எழுந்ததில்லை. திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் சென்று அமர்ந்தேன்.

“ஆயா, அன்னைக்குக் கப்பல்ல வந்தப்ப கடல் எப்படி இருந்துச்சு?”

கையிலிருந்த தண்டை ஒடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“கடல எங்க டீச்சர் பாத்தேன்? மடியில ஒரு புள்ள, முதுகுக்குப் பின்னால ஒரு மூட்டை. ரெண்டையும் விட்டுடாம உக்காந்திருந்தேன். இறங்குனப்பதான் தெரிஞ்சுது, கால் ரெண்டும் மரத்துப் போயிருந்துச்சு.”