காய்கறித் தீவுக்கு ஒரு பயணம்... கடலோடு கிணற்றையும் பாருங்கள்!

‘அந்தமானுக்குப் போனால், கடலைத் தவிர விவசாயி பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?’ சுற்றுலாப் பேச்சு வந்தாலே நம் ஊர்களில் எழும் கேள்வி இது. அதற்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு சின்னத் தீவு இருக்கிறது. பழைய பெயர், நீல் தீவு. 2018-ம் ஆண்டு டிசம்பரில் ‘ஷஹீத் தீவு’ என்று பெயர் மாற்றப்பட்டது. அந்தமான் மக்கள் இதைக் ‘காய்கறிக் கிண்ணம்’ என்றே அழைக்கிறார்கள். தலைநகரான போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சந்தைக்கு இங்கிருந்துதான் படகில் காய்கறி போகிறது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள்கள். அங்கிருந்து ஷஹீத் தீவுக்கு அரசுப் படகும் உண்டு, தனியார் படகும் உண்டு. சுமார் இரண்டு மணி நேரப் பயணம். அடையாள அட்டை கட்டாயம்.

சைக்கிள் போதும்!

தீவைச் சுற்றிப் பார்க்கக் கார் தேவையில்லை. வாடகைச் சைக்கிளில் ஒரே நாளில் சுற்றிவிடலாம். சீதாப்பூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம்நகர் என ஊர்ப் பெயர்களில் ராமாயணமே இருக்கிறது. 1960-களில் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட வங்காளிக் குடும்பங்கள் காட்டைத் திருத்தி வயலாக்கிய பூமி இது. சாலையின் இருபுறமும் பாக்கு, தென்னை, வாழை. தோப்பைத் தாண்டினால் கத்திரி, வெண்டை, பாகல், புடலைப் பந்தல்கள்.

சென்னையைவிட இங்கே சூரியன் ஏறக்குறைய 50 நிமிடங்கள் முன்னதாகவே உதித்துவிடும். அதனால், விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு சீதாப்பூர் கடற்கரைக்குப் போய்விட வேண்டும். மாலையில் சூரியன் மறைவதைப் பார்க்க லக்ஷ்மண்பூர் கடற்கரை. அதன் இன்னொரு பகுதியில், அலை குடைந்து குடைந்து உருவாக்கிய இயற்கைப் பாறைப் பாலம் இருக்கிறது. கடல் உள்வாங்கும் வற்ற நேரத்தில் மட்டுமே அதன் அருகே நடந்து போக முடியும். வற்றம் ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும். மறுநாள் சுமார் 50 நிமிடங்கள் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் இன்னும் அதிகமாக உள்வாங்கும். அப்போது பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டை, நண்டு, சிறு மீன்களை நின்று நிதானமாகப் பார்க்கலாம். வழுக்காத செருப்பு அவசியம்.

நீச்சல் தெரியாதவர்களுக்குப் பரத்பூரில் கண்ணாடி அடித்தளப் படகு உண்டு. பவளப் பாறைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். மூச்சுக்குழல் மாட்டி நீந்துபவர்கள், பவளத்தின் மேல் கால் ஊன்றக் கூடாது. அது கல் இல்லை, உயிர். உருண்டையாக வளரும் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி போய்விடும். வயலிலிருந்து அடித்துச் செல்லப்படும் மண் படிந்தாலும் பவளம் மூச்சுத் திணறும். மண் அரிப்பைத் தடுக்கும் வரப்பு, கடலுக்குள் இருக்கும் மீனுக்கும் பாதுகாப்புதான்.

கிணற்றடியில் ஒரு பாடம்

விவசாயிகள் கவனமாகப் பார்க்க வேண்டியது, தோட்டத்துக் கிணறுகளையும் குட்டைகளையும்தான். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ மழை பெய்கிறது. ஆனால், அதில் பெரும்பகுதி மே முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். மழைக்காலத்தில் நெல், மழை ஓய்ந்த பிறகு காய்கறி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானத்தை நம்ப முடியாது. சேமித்த நீர்தான் கை கொடுக்க வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் அதே மாதங்களில்தான் சுற்றுலாப் பயணிகளும் குவிகிறார்கள். செடிக்கும் விடுதிக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தேவைப்படுகிறது.

சின்னத் தீவின் நிலத்தடியில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து புரியும். மேலே ஓர் அடி குறைந்தால், நாளடைவில் கீழிருந்து உப்புத் தண்ணீர் 40 அடி ஏறிவிடும். ராமநாதபுரம், நாகப்பட்டினம் கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கைசுட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாசன நீரின் மின்கடத்துத்திறன் 0.7 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே பீன்ஸ் மகசூல் குறையத் தொடங்கும். நாக்குக்கு உப்புத் தெரிவதற்கு முன்பே செடிக்குத் தெரிந்துவிடும்.

விடுதியில் ஷவரைப் பத்து நிமிடங்கள் திறந்து வைத்தால், சுமார் 100 லிட்டர் போய்விடும். சொட்டுநீரில் ஒரு கத்திரிச் செடிக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால், அது 50 செடிகளின் ஒரு நாள் பங்கு. வாளியில் குளித்தால் பாதிக்கு மேல் மிச்சம்.

2004 சுனாமியில் அந்தமானின் தாழ்வான வயல்கள் பலவற்றில் கடல் நீர் புகுந்தது. அப்படிப்பட்ட நிலங்களுக்காகப் போர்ட் பிளேரில் உள்ள மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம், அகலப் பாத்தி - வாய்க்கால் முறையைப் பரிந்துரைக்கிறது. மண்ணை வெட்டி உயர்த்திய பாத்தியில் காய்கறி, பள்ளத்தில் மழைநீரும் மீனும். மேட்டில் விழும் மழை, உப்பைக் கழுவிப் பள்ளத்துக்கு இறக்கும். கடலோர விவசாயிகள் பார்த்து வர வேண்டிய அமைப்பு இது.

திரும்பும்போது கவனம்

பவளத் துண்டுகளைப் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆசையாக இருக்கிறதே என்று செடி, வேர், மண்ணையும் எடுத்து வர வேண்டாம். அந்தமானில் காய்கறிகளைத் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையும் வெளியிலிருந்து வந்து சேர்ந்ததுதான். அதன் முட்டைகள் ஒரு கைப்பிடி மண்ணில் ஒளிந்திருக்கும். அந்தத் தீவிலிருந்து கொண்டு வர வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊர் திரும்பியதும், நம் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் பழக்கம்.