விரல் நுனியில் ஒரு டையோடு

2021 மே மாசம் நடந்தது இது.

செஞ்சி பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு அம்மாவை மகன் பைக்ல கூட்டிட்டு வந்தார். விரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டினேன். 95.

"நார்மல்தானே சார், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடவா?"

அந்த நம்பரைப் பார்த்து எனக்கும் மனசு லேசாச்சுங்கிறதுதான் உண்மை. ஆனா ராஜகிரி ஏறினா வாங்குற மூச்சு, கொஞ்சம் உட்கார்ந்தா அடங்கிடும். இந்த அம்மா உட்கார்ந்தே இருந்தாங்க. மூச்சு அடங்கலை. நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணினேன். 32.

ஆக்ஸிஜன் வெச்சு விழுப்புரம் அனுப்பினோம். தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்ததுல அளவு 86.

அப்போ மெஷின் பொய் சொல்லுச்சா? உள்ளே என்ன நடக்குதுன்னு பாருங்க.

கிளிப்போட ஒரு பக்கம் ரெண்டு எல்.ஈ.டி. ஒண்ணு 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொண்ணு 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. எதிர்ப்பக்கம் ஒரு போட்டோடையோடு. இது குறைக்கடத்தி. வெளிச்சம் பட்டா மிகச் சின்ன மின்னோட்டம் வரும், அதை ஆம்ப்ளிஃபையர் பெருக்கும். விளக்குகள் மாறி மாறி மின்னும். ரெண்டும் அணைஞ்ச கணத்துல விழுற அறை வெளிச்சத்தை சர்க்யூட் கழிச்சிடும். நாடித்துடிப்போட ஏறி இறங்குற பகுதியை மட்டும் பிரிச்சு, ரெண்டு நிறத்துக்கும் உள்ள விகிதத்தை சதவீதமா மாத்தும். 1974-ல் ஜப்பான்ல டகுவோ அவோயாகி கண்ட வழி இது.

குறைக்கடத்தியை உணர்கருவியாக்கினதுல முன்னோடி நம்ம ஜகதீஷ் சந்திர போஸ். அவரோட கலீனா டிடெக்டருக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சது. ரேடியோ அலையை மட்டுமில்ல, ஒளியையும் அது உணர்ந்தது.

ஆனா டையோடுக்குத் தெரிஞ்சது வந்து சேர்ற வெளிச்சம் மட்டும்தான். மருதாணி, நகப்பூச்சு, சில்லிட்ட விரல், நடுக்கம் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். தோலோட கருமையும்தான். 2020-ல் அமெரிக்காவுல வந்த ஆய்வு: மீட்டர் 92 முதல் 96 வரை காட்டினவங்கள்ல, ரத்தத்துல 88-க்கும் கீழே இருந்தவங்க வெள்ளையர்ல 3.6%, கறுப்பினத்தவர்ல 11.7%.

வெயில்ல கறுத்த விரல்கள் நம்ம ஊர்ல எத்தனை!

அதனால மீட்டரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கையைச் சூடாக்கி, நகத்தைத் துடைச்சு, ஆடாம உட்கார்ந்து பாருங்க. கூடவே ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. பெரியவங்களுக்கு ஓய்வுல இருக்கும்போதே 24-ஐத் தாண்டினா, நம்பர் என்ன காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

அந்த அம்மா பத்து நாள்ல நடந்து வீட்டுக்குப் போனாங்க.