உடைவதற்கென்றே ஒரு போல்ட்

இருபது சென்டிமீட்டர் பனி விழும் என்று வானிலை அறிக்கை சொன்னால் உயரம்தான் மனதில் நிற்கிறது, எடை நிற்பதில்லை. புதுப் பனி பத்து சென்டிமீட்டர் உருகினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது இங்கே எல்லோரும் போடும் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் இருபது சென்டிமீட்டர் பனிக்குச் சதுர மீட்டருக்கு இருபது கிலோ. எங்கள் வீட்டிலிருந்து சாலை வரை போகும் சரளைக்கல் பாதை அறுபது மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். ஒரே இரவில் வாசலில் வந்து உட்காருகிற சுமை கிட்டத்தட்ட ஐந்து டன். காலையில் பள்ளிப் பேருந்து சாலை முனைக்கு வருவதற்குள் அதை ஓரம் கட்டியாக வேண்டும்.

நாங்கள் குடியிருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பேரிக்கும் ஒரில்லியாவுக்கும் நடுவே இருக்கும் ஓரோ-மெடோன்டியில். வடமேற்கே ஜார்ஜியன் விரிகுடா. தண்ணீர் இன்னும் உறையாமல் கிடக்கும் நவம்பர், டிசம்பரில் அந்தப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று விரிகுடாவின் ஈரத்தையும் வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும். கரையேறியதும் எல்லாவற்றையும் பனியாகக் கொட்டிவிடும். இந்தப் பனிமேகங்கள் குறுகலான பட்டைகளாக வருவதால், ஓர் ஊர் பனியில் மூழ்கும்போது சில கிலோமீட்டர் தள்ளி வெயில் அடித்துக்கொண்டிருக்கும். 2024 நவம்பர் கடைசியில் எங்களுக்கு வடக்கே கிரேவன்ஹர்ஸ்ட் பகுதியில் ஒரு மீட்டருக்கு மேல் கொட்டியது. நெடுஞ்சாலை 11 மூடப்பட்டது. நகராட்சி அவசரநிலை அறிவித்தது.

இந்தச் சுமையை ஷவலால் அள்ளலாம், இளைஞர்கள் அள்ளுகிறார்கள். ஆனால் கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து, கனடா மருத்துவச் சங்க இதழில் 2017இல் ஒரு கட்டுரை வந்தது. பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடுகிறது என்பது அதன் முடிவு. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில், வெறும் வயிற்றில், அவசர அவசரமாக அள்ளுவது நெஞ்சுக்கு எவ்வளவு பெரிய வேலை என்பதை யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் நீண்ட பாதையை ஷவலால் அள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கோடையில் புல் வெட்ட எங்களிடம் ஒரு ஜான் டீர் 318 இருந்தது. 1983 முதல் 1992 வரை தயாரித்த மாடல். இரட்டை சிலிண்டர் ஓனன் எஞ்சின், 18 குதிரைத்திறன், ஹைட்ராலிக் லிஃப்ட். இன்று பெரிய கடைகளின் வாசலில் வரிசையாக நிற்கும் புல்வெட்டி டிராக்டர்களும் இதுவும் பார்வைக்கு ஒரே சாதிதான். அடியில் குனிந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அவற்றுக்கு மடக்கிய தகட்டுச் சட்டம். இதற்குக் கனத்த சட்டம், கலப்பை இழுத்தாலும் தாங்குகிற பின் அச்சு. இதன் கியர் அமைப்பு ஹைட்ரோஸ்டாட்டிக். எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, வண்டியை மட்டும் லிவரால் நத்தை வேகத்துக்குக் குறைக்கலாம். பனி எறிவதற்கு இதைவிட முக்கியமான வசதி இல்லை. எறியும் சக்கரம் வேகம் குறையாமல் சுழல வேண்டும், வண்டி பனியின் கனத்துக்கு ஏற்ப மெல்ல நகர வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கக் கூடாது. இப்படிப்பட்ட டிராக்டர் கையில் இருக்கும்போது தனியாக ஒரு புது ஸ்னோ புளோவர் வாங்குவதைவிட, இதன் மூக்கில் மாட்டுகிற பழைய புளோவர் ஒன்றைத் தேடுவதே சரி என்று பட்டது.

இப்படிப்பட்ட சாமான்களை ஆகஸ்டில் வாங்க வேண்டும். முதல் பனி விழுந்த வாரத்தில் விலையும் ஏறும், விற்பவரின் பொறுமையும் குறையும். ஆலிஸ்டன் பக்கம் உருளைக்கிழங்கு விவசாயம் செய்து ஓய்ந்த ஒரு பெரியவர், நிலத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு நகரத்துக்குக் குடிபோவதால் கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தார். நாலடி அகலமுள்ள இரட்டைக் கட்டப் புளோவர். வெளியே பெயின்ட் உரிந்திருந்தது. அது ஒரு பொருட்டே இல்லை. நான் முதலில் தேடியது மாட்டும் சட்டத்தைத்தான். பழைய புளோவர் வாங்குபவர்கள் பலர் பெரிய பெட்டியைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் டிராக்டருக்கும் புளோவருக்கும் நடுவே இருக்கிற சட்டம், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் புல்லி, அதன் ஸ்பிரிங், பெல்ட் கழன்றுவிடாமல் காக்கும் வளைகம்பி, குழாயைத் திருப்பும் நீளக் கம்பி, இந்தச் சில்லறைச் சாமான்கள் தொலைந்தால் அந்த மாடலுக்கு மறுபடி கிடைப்பது பெரும்பாடு. கிடைத்தாலும் துண்டு துண்டாக வாங்கி முடிக்கையில் புளோவரின் விலையைத் தாண்டிவிடும். சட்டம் இல்லாத புளோவரை இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்றி வராதீர்கள்.

அவர் எல்லாவற்றையும் வைத்திருந்தார். நட்டு, போல்ட்டு, பின் எல்லாம் மூன்று காப்பி டின்களில். ஒவ்வொரு டின்னிலும் எந்தப் பக்கத்துக்கு எது என்று எழுதிய அட்டை. சம்மணமிட்டு உட்கார்ந்து நான் செய்த முதல் வேலை ஷியர் போல்ட்டைக் கழற்றியது. புளோவரின் முன்வாயில் குறுக்கே கிடக்கும் திருகுத் தகட்டை ஆகர் என்பார்கள். அது உள்ளே ஓடும் ஷாஃப்ட்டோடு பற்றவைக்கப்படவில்லை. ஒரு மெல்லிய போல்ட் மட்டும்தான் இரண்டையும் பிணைக்கிறது. பனிக்குள் கிடக்கும் கல்லோ, உறைந்த செய்தித்தாள் கட்டோ, விறகுக் கட்டையோ சிக்கினால் அந்தப் போல்ட் முறிய வேண்டும். ஆகர் நிற்க வேண்டும், ஷாஃப்ட் மட்டும் உள்ளே சும்மா சுழல வேண்டும். அப்படித்தான் நடுவிலுள்ள கியர்பாக்ஸ் பிழைக்கிறது. அதற்குள் இருப்பது ஒரு வார்ம் கியரும், அதோடு பிணைந்த வெண்கலப் பல்சக்கரமும். அந்தப் பல் போனால் செலவு நூற்றுக்கணக்கில். போல்ட் போனால் ஒரு டாலரோ இரண்டோ.

ஆனால் பல வருஷம் கிரீஸ் காணாத புளோவரில் ஆகர் துருப்பிடித்து ஷாஃப்ட்டோடு ஒட்டிப்போயிருக்கும். போல்ட் முறிந்தாலும் ஆகர் நிற்காது. காவல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம், காவல் இருக்காது. அதனால்தான் போல்ட்டைக் கழற்றிவிட்டு ஆகரைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆலிஸ்டனில் நான் சுற்றியபோது அது ஒரு முனகலும் இல்லாமல் சுற்றியது. ஷாஃப்ட்டின் ஓரத்தில் பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வந்தது. கியர்பாக்ஸ் திருகைத் திறந்து ஒரு கம்பியை விட்டு எடுத்தேன். எண்ணெய் பழுப்பாக இருந்தது. பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பனியை வீசும் சக்கரமான இம்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். பேரிங்கில் ஆட்டம் இல்லை. "பேரம் பேசலையா?" என்று அவர் கேட்டார். இவ்வளவு ஒழுங்காக வைத்திருந்த சாமானுக்கு அவர் சொன்ன விலையே குறைவு என்று சொல்லி, கேட்டதைக் கொடுத்தேன்.

இரட்டைக் கட்டம் என்றால், ஆகர் பனியை நடுவுக்குத் தள்ளும். பின்னாலிருக்கும் இம்பெல்லர் அதை வாங்கிக் குழாய் வழியே வீசும். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கிணற்று பம்ப்பில் இம்பெல்லர் தண்ணீரை வெளியே வீசுவது போலத்தான். பம்ப்பில் இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் தண்ணீர் ஏறாது. இங்கே இடைவெளி கூடினால் ஈரப்பனி குழாயில் அடைத்துக்கொள்ளும். இந்த யோசனையின் தலைமுறை பழையது. ரயில் பாதையில் பனி விலக்கச் சுழலும் சக்கரம் ஒன்றை டொரன்டோவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஜே. டபிள்யூ. எலியட் 1869இல் வடிவமைத்தார். ஆரஞ்ச்வில்லின் ஆரஞ்ச் ஜல் அதை மேம்படுத்தினார். சாலைக்கான புளோவரை 1925இல் செய்தவர் கியூபெக்கின் ஆர்தர் சிகார்ட். வயலில் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்பார்கள். 1927இல் மான்ட்ரியாலை ஒட்டிய உட்ரமோன்ட் நகராட்சி அவருடைய இயந்திரத்தை வாங்கியது.

மாட்டும் வேலையை அக்டோபரில் வைத்துக்கொண்டேன். விரல் விறைக்காத மாதத்தில்தான் நிதானம் வரும். ஸ்கார்பரோவில் கார் பட்டறை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். புல்வெட்டியைக் கழற்றிவிட்டு, சட்டத்தை டிராக்டரின் அடியில் பொருத்தினோம். எஞ்சின் முனையிலுள்ள புல்லியும் புளோவரின் புல்லியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தோம். ஒரு புல்லி சற்றே விலகியிருந்தாலும் பெல்ட் ஓரம் தேய்ந்து, ரப்பர்ப் பொடி கொட்டி, ஒரு பருவத்துக்குள் அறுந்துவிடும். அவர் ஒரு வாஷர் கனத்துக்கு நகர்த்தினார்; நூல் இரண்டு விளிம்பிலும் சமமாக உட்கார்ந்தது. சாதாரணக் கடைப் பெல்ட் வேண்டாம், கெவ்லார் நூல் வைத்துச் செய்த பெல்ட்தான் இழுபடாமல் நிற்கும் என்று சொல்லி அதையே போட்டார்.

ஷியர் போல்ட் மாற்றும்போது நான் டின்னில் கிடந்த மினுமினுப்பான உருக்குப் போல்ட் ஒன்றை எடுத்து அளவு பார்த்தேன். அவர் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அண்ணை, இது உடையிறதுக்கெண்டு செய்த போல்ற். கெட்டியான ஒண்டைப் போட்டியளெண்டால் போல்ற் நிக்கும், கியர்பொக்ஸ் போயிடும். அந்த மொடலுக்கெண்டு விக்கிறதையே வாங்கிப் போடுங்கோ, நாலைஞ்சு கூடவும் வாங்கி வையுங்கோ."

அந்த உபரிப் போல்ட்டுகளும் ஒரு ஸ்பேனரும் இன்றும் இருக்கைக்கு அடியில்தான் இருக்கின்றன.

புளோவர் நூறு கிலோவுக்கு மேல் கனம். அத்தனையும் முன்பக்கம் தொங்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும், சறுக்கும். அதனால் பின்டயர்களுக்குச் சங்கிலி கட்டி, சக்கரத்தில் எடைக்கட்டி மாட்டி, டயருக்குள் பீட்ரூட் சாறு நிரப்பினோம். குளிரில் உறையாத, சக்கரத்தை அரிக்காத அந்தச் சாறு இங்கே விவசாயிகளுக்குப் பழக்கமான சரக்கு. புளோவரின் இரு பக்கமும் தரையில் வழுக்கிப் போகும் ஸ்கிட் ஷூக்களை ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்கி வைத்தோம், அடித்தகடு அந்த அளவுக்கு எழும்பி நின்றது. தார்ச்சாலை வாசல் என்றால் இவ்வளவு இடைவெளி தேவையில்லை. சரளைப் பாதையில் தகடு தாழ்ந்தால் கல்லை அள்ளி வீசும். அந்தக் கல் ஜன்னலுக்கும் போகும், ஆளுக்கும் போகும். முதல் பனியைச் சரளையில் முழுசாக வழிக்கவும் கூடாது. கொஞ்சத்தை விட்டுவைத்து வண்டி ஏறி இறங்க விட்டால் அது இறுகி உறைந்து ஒரு தளமாகிவிடும். பிறகு குளிர்காலம் முழுக்க அந்தத் தளத்தின் மேல் ஓட்டலாம்.

டிசம்பரில் முதல் பெரும்பனி வந்தது. விடியுமுன் எஞ்சினைப் பத்து நிமிஷம் சூடேறவிட்டுப் புளோவரை இறக்கினேன். வறண்ட புதுப் பனி ஏழெட்டு மீட்டர் தாண்டிப் போய் வயலில் விழுந்தது. காற்றின் போக்கில் எறிந்தால் முகத்தில் அடிக்காது. எதிர்த்து எறிந்தால் ஓட்டுபவரே பனிமனிதர். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக ஓட்டிக்கொண்டே போனால் எறிந்ததை மறுபடி எறிய வேண்டி வராது. கஷ்டமான இடம் சாலை முனைதான். நகராட்சி வண்டி சாலையை வழித்துக்கொண்டு போகும்போது உப்பும் சேறும் கட்டியும் கலந்த ஒரு வரப்பை நம் வாசலில் விட்டுப் போகும். வெளியே பனி எடை குறைவாக இருந்தாலும் இந்த வரப்பு கனம். இங்கே எஞ்சின் முழு வேகம், வண்டி குறைந்த வேகம், அரை அகலம் மட்டும். எறியும் குழாய் சாலையைப் பார்க்கவே கூடாது; சாலையில் பனியைப் போடுவதை ஒன்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டமே தடுக்கிறது, பின்னால் வரும் காருக்கும் அது ஆபத்து.

மார்ச்சில் உருகத் தொடங்கும் ஈரப்பனி குழாயில் அடைக்கும். அந்த நேரத்தில்தான் விரல்கள் போகின்றன. எஞ்சினை நிறுத்திவிட்டோம், இனி பயமில்லை என்று கையை விடுகிறார்கள். அடைப்புக்குப் பின்னால் பெல்ட்டிலும் இம்பெல்லரிலும் இழுவிசை தேங்கி நிற்கும். அடைப்பு விலகிய கணத்தில் இம்பெல்லர் கால் சுற்று பாயும். ஒரு விரலுக்கு அது போதும். எஞ்சினை நிறுத்துங்கள், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள், எல்லாம் அடங்கும்வரை நில்லுங்கள், பிறகு ஒரு மரக்குச்சியால் குத்திவிடுங்கள். வீட்டில் புளோவர் ஓட்டும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள். பழைய புளோவரைக் குச்சி இல்லாமல் யாராவது விற்றால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு குச்சியை அதன் மேல் கட்டி வையுங்கள்.