விசுவாசம் என்னுஞ் சொற்பொருள்

கிறித்தவ மறை கூறும் விசுவாசமாவது, ஆராயாது ஒரு கொள்கையை மெய்யென ஒப்புதலேயாமென யான் நெடுங்காலங் கருதியிருந்தேன். அம்மட்டோ! ஓர் அவைக்கண் அங்ஙனமே பேசியும் விட்டேன். கூட்டத்தார் கைகொட்டினர். என் பள்ளித்தோழராகிய கிறித்தவ அன்பரொருவர் பின்வரிசையில் தலைகவிழ்ந்திருந்தமையை மேடையினின்று இறங்கிய பின்னரே கண்டேன்.

மறுநாள் அவரில்லஞ் சென்றேன். அவர் சினந்திலர், யோவான் சுவிசேடத்தின் கிரேக்க மூலத்தை விரித்து, இரண்டாம் அதிகாரத்து இறுதியைக் காட்டினார். இயேசு செய்த அற்புதங்களை எருசலேமிற் கண்டார் பலர் அவரை விசுவசித்தனர். அவரோ அவர்களிடந் தம்மை ஒப்புவித்திலர் என்பது ஆண்டுள்ள செய்தி. விசுவசித்தல், ஒப்புவித்தல் என்னும் இரண்டற்கும் மூலத்தில் நிற்பது 'பிஸ்தேயுவோ' என்னும் ஒரே வினை. கொள்கையை ஒப்புதலே அதன் பொருளாயின், பின்னையது பொருந்துமாறு யாங்ஙனம்? தன்னை ஒருவர் கையிற் கொடுத்தலே ஈண்டைப் பொருளென்பது தெளிவாயிற்று. அச்சுவிசேடம் இவ்வினையை ஏறத்தாழ 100 இடங்களில் ஆள்கின்றது. 'பிஸ்திஸ்' என்னும் பெயர்ச்சொல்லையோ ஓரிடத்தும் ஆண்டிலது.

அப்பெயர்தானும் கிரேக்க வழக்கில் நம்பிக்கை, வாய்மை தவறாமை, உறுதிமொழி எனப் பல பொருள்படும். அரிஸ்டாட்டிலின் அணிநூலில் அவையோரைத் தெளிவிக்குஞ் சான்றுக்கும் அதுவே பெயர். ஆராயாமையென்று யான் இகழ்ந்த சொல் சான்றிற்கும் பெயராதல் கண்டு நாணினேன். மேலும், கடவுள் ஒருவரென்று பேய்களும் விசுவசித்து நடுங்குகின்றன என யாக்கோபின் நிருபம் இடித்துரைக்கின்றது. யான் சாற்றிய குற்றத்தை அம்மறையே முன்னர்ச் சாற்றியிருந்தது!

ஒப்புதல் அறவே இல்லையென்றலும் பொருந்தாது. கடவுள் இயேசுவை உயிர்ப்பித்தார் என்று நெஞ்சில் விசுவசித்தலைப் பவுல் ரோமருக்கெழுதியதில் வேண்டுகின்றார். அவரே கலாத்தியருக்கு எழுதியவிடத்து வேறொரு சிக்கலுண்டு. ஆண்டு வருந்தொடர், அரசனது நம்பிக்கை என்றாற்போல, இயேசுவின்கண் பிறர் வைத்ததோ இயேசு தாமே உடையதோ என ஐயுற நிற்கும். 1983இல் ரிச்சர்ட் ஹேஸ் என்பார் பின்னையதே பொருளென நூலெழுதியபின் அவ்வழக்குப் பெருகிற்று. தமிழிலோ, ஏவலாளன் விசுவாசமுள்ளவன் என்னுங்கால் நன்றி பிறழாமையையே குறிக்கின்றோம்; இவ்வழக்கு என் வாயிலிருந்தும் யான் எண்ணிப்பாராதது.

அடுத்த கூட்டத்திற் சிறிதுபொழுது கேட்டுப்பெற்று, முன்சொன்னதைத் திருத்தினேன். கைகொட்டினார் எவருமிலர். நண்பர் உடல்நலமின்மையால் அன்று வந்திலர். யான் படித்த தாளை அவர் மனையிற் கொடுத்துவிட்டு வந்தேன்.