`வேற என்ன சாப்பிடுறீங்க சித்தி?' - அக்கா கேட்ட கேள்வியும் அம்மா மறைத்த பாட்டிலும்

அந்தப் பொடி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. சமையலறை அலமாரியில், புளி டப்பாவுக்குப் பின்னால். சாம்பல் கலந்த பச்சை நிறம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன், ராத்திரி படுக்கும் முன் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலக்கி அம்மா குடிப்பார். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோதெரபி இரண்டு சுற்று போயிருந்த நேரம் அது.

டாக்டருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

மாமா கொண்டு வந்து கொடுத்தது. அவருடைய நண்பரின் மனைவிக்கு இதே பொடியில் `கட்டி கரைஞ்சிடுச்சாம்'. கீமோ போட்ட மூன்றாவது நாளிலிருந்து ஒரு வாரம், தண்ணீர் குடித்தால்கூட வாந்தி எடுக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். வெறுங்கையோடு வரமுடியாமல்தான் அதை வாங்கி வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ``டாக்டர்கிட்ட சொல்லிடலாமாம்மா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். ``சொன்னா திட்டுவாரு. இது மருந்தா என்ன, வெறும் மூலிகைதானே" என்றார் அம்மா. அதோடு விட்டுவிட்டேன். வாரத்துக்கு ஐந்து ஹெல்த் ஸ்டோரி எழுதுகிற பெண் அதோடு விட்டுவிட்டாள்.

பெரியம்மா மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், நர்ஸ். பி.எஸ்சி நர்ஸிங் முடித்து எட்டு வருஷம் ஐ.சி.யூ-வில் வேலை பார்த்தவர். பிறகு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் யோகா தெரபி முதுநிலை டிப்ளோமா படிக்கப் போனார். குடும்பத்தில் எல்லாரும் சிரித்தோம். ``ஐ.சி.யூ-வுல வென்டிலேட்டர் பார்த்தவ, இனிமே மூச்சுப் பயிற்சி சொல்லித் தரப்போறாளாம்." அதைச் சொன்னதும் நான்தான்.

மூன்றாவது கீமோவுக்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்கு வந்தார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். எஸ்.ஜி.பி.டி என்று ஒரு வரி இருக்கும், கல்லீரல் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற எண். 40-க்குப் பக்கத்தில் இருக்கவேண்டியது, 186 என்று இருந்தது.

அக்கா முகம் மாறவில்லை. ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

``சித்தி, காலைல எழுந்ததும் மொத மொத வாயில என்ன படும்?"

``பல்லு விளக்கிட்டு... வெந்நீர்."

``வெறும் வெந்நீரா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

``திட்ட மாட்டேன் சித்தி. வேற என்ன சாப்பிடுறீங்க, சொல்லுங்க."

பாட்டில் வெளியே வந்தது.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் அக்காவிடம் கேட்டேன், ``நேரா நாட்டு மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டிருக்கலாமே?" கேட்டிருந்தால் அம்மா இல்லை என்றுதான் சொல்லியிருப்பார் என்றார். ஏனென்றால் அம்மாவைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை, பொடி. பாட்டி சொன்ன கஷாயம், பக்கத்து வீட்டில் கொடுத்த ஜூஸ், யூடியூபில் பார்த்த விதை... எதையும் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் மருந்தைப் பற்றிக் கேட்கக் கூடாது, பொழுதைப் பற்றிக் கேட்கவேண்டும். காலையில் எழுந்தது முதல் படுக்கிற வரை, வாயில் என்னவெல்லாம் படுகிறது என்று. எட்டு வருஷம் நர்ஸாக இருந்தபோது தான் இப்படிக் கேட்டதே இல்லை என்றார் அக்கா. கேஸ் ஷீட்டில் `அலர்ஜி உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கும், `வேறு மருந்து' என்று ஒரு கட்டம் இருக்கும், `இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவாராம்.

பொடியோடு ஒரு சீட்டும் இருந்தது. ஆறேழு மூலிகைப் பெயர்கள், கோணல் கையெழுத்தில். முதல் பெயர், சீந்தில்.

அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2021-ல், டிப்ளோமா முடித்து முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில் நான் எழுதிய முதல் பத்துக் கட்டுரைகளில் ஒன்று சீந்தில் பற்றியது. கொரோனா இரண்டாம் அலை. `நோய் எதிர்ப்புச் சக்தியை அள்ளித் தரும் சீந்தில்!' இருபது நிமிடத்தில் எழுதினேன். நன்றாக ஓடியது. அம்மா அதை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, `என் மகள் எழுதியது' என்று மூன்று பூங்கொத்து வைத்திருந்தார். மாமா பொடியைக் கொண்டுவந்தபோது அம்மா தயங்காமல் வாங்கிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். ``நீதானே எழுதுன, சீந்தில் நல்லதுன்னு?" என்று அம்மா கேட்டபோது அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதே 2021-ல்தான் மும்பையில் கல்லீரல் மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். அடுத்த ஆண்டு இந்தியாவின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவர்கள் சாப்பிட்டது உண்மையான சீந்தில்தானா, அதைப்போலவே இருக்கும் வேறு கொடியா என்று யாரும் சோதிக்கவில்லையே என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால், ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருப்பது எந்தக் கொடி என்று எங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

புதன்கிழமை பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா வழி நெடுக, ``நீயே சொல்லு, நான் பேச மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் திட்டவில்லை. பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பொடியை நிறுத்தச் சொன்னார், கீமோவை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். அம்மாவுக்கு ஏற்றுகிற சிவப்பு மருந்தைக் கழிவாக்கி வெளியேற்றுவதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. கல்லீரல் சோர்ந்திருந்தால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். ``நாங்க படிக்கும்போது இதையெல்லாம் யாரும் சொல்லித் தரலைம்மா. நான் உங்ககிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார் கடைசியில். அப்படி ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு வாரத்தில் எண் இறங்கியது. பொடியை நிறுத்தியதால்தான் இறங்கியதா? உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கீமோ மருந்தே சிலருக்குக் கல்லீரலைச் சீண்டும். காரணம் இதுதான் என்று எழுதினால் என் கட்டுரைக்கு வசதியாக இருக்கும். ஆனால், ஒருமுறை வசதியாக எழுதியது போதும்.

இதற்குப் பிறகுதான், அக்கா என்ன படித்தார் என்று உட்கார்ந்து கேட்டேன். புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் அவர் படித்த துறையின் பெயரே வாயில் நுழையாது, `இன்ஸ்டிட்யூட் ஆஃப் சலூட்டோஜெனிசிஸ் அண்ட் காம்ப்ளிமென்டரி மெடிசின்'. சலூட்டோஜெனிசிஸ் என்ற சொல்லை உருவாக்கியவர் ஆரோன் அன்டனோவ்ஸ்கி என்ற சமூகவியலாளர். இஸ்ரேலில், மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களைப் பற்றி அவர் ஆய்வு செய்தார். அவர்களில் சிலர் நாஜி வதை முகாம்களிலிருந்து தப்பி வந்தவர்கள். அந்தப் பெண்களிலும் 29 சதவிகிதம் பேர் ஓரளவு நல்ல மனநலத்தோடு இருந்தார்கள். மற்றவர்கள் ஏன் பாதிக்கப்பட்டார்கள் என்று கேட்பதற்கு பதிலாக, இந்த 29 சதவிகிதம் பேர் எப்படித் தாங்கினார்கள் என்று கேட்டார் அவர். மருத்துவம் `நோய் எங்கிருந்து வருது'ன்னு பார்க்குது, இவர் `நலம் எங்கிருந்து வருது'ன்னு பார்த்தார் என்பது அக்காவின் சுருக்கம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சந்தேகம் போகவில்லை. என் இன்பாக்ஸைப் பார்த்தால் உங்களுக்கும் போகாது. `இரண்டே நாளில் ஹீலர் ஆகலாம், சான்றிதழ் உண்டு' என்று வாரம் ஒரு பிரஸ் ரிலீஸ் வரும். அக்காவிடம் நேராகவே கேட்டேன், இதில் எது நிஜம், எது உடான்ஸ்?

அக்கா சொன்னதில் எனக்கு உதவியது ஒரு சின்னப் பிரிவினை. டாக்டரின் சிகிச்சைக்கு பதிலாக வேறொன்றைச் செய்தால் அது மாற்று. சிகிச்சையோடு சேர்த்து, டாக்டருக்குத் தெரிந்து செய்தால் அது துணை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, இந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்று எல்லாரும் பேசி முடிவெடுத்தால் அது ஒருங்கிணைந்த மருத்துவம். அமெரிக்காவில் ஆண்ட்ரூ வெயில் என்ற டாக்டர் 1994-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டாக்டர்களுக்கென்றே இதற்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். முதல் வகைக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதற்கு, யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று போதும். பரவாத புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

மறுபக்கமும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கென்றே ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமும் 2018-ல் அதை ஏற்றுக்கொண்டது. பதற்றத்துக்குத் தியானம், வாழ்க்கைத்தரம் மேம்பட யோகா, கீமோ வாந்திக்கு, வாந்தி மாத்திரையோடு சேர்த்து, அக்குபிரஷர் என்று அது பரிந்துரைக்கிறது. அதே வழிகாட்டுதல், கை கால் மரத்துப்போகாமல் இருக்கச் சிலர் எடுக்கும் அசிட்டைல் எல் கார்னிடின் என்ற சத்து மாத்திரை வேண்டாம் என்கிறது. அது தீங்கு செய்யலாம். `நல்லது' என்ற பட்டியலைவிட இந்த `வேண்டாம்' என்ற ஒரு வரிதான் என்னை நம்பவைத்தது.

அம்மாவுக்கு அக்கா சொல்லித் தந்ததில் யோகா என்று நீங்கள் நினைக்கிற எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மூச்சை இழுக்கும்போது கையை மெதுவாகத் தூக்குவது, விடும்போது இறக்குவது. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையை எவ்வளவு தூக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்ட பிறகுதான் அதுவும். மூன்று எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது. வண்டு மாதிரி ரீங்காரம் செய்வது. வேகமாக மூச்சு விடும் பயிற்சி எதுவும் இப்போது கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறகு மணிக்கட்டு. உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி, நடுவில் ஓடும் இரண்டு நாண்களுக்கு இடையே ஓர் இடம். பி6 என்பார்கள். குமட்டும்போது அங்கே கட்டை விரலால் அழுத்தவேண்டும். ``மாத்திரையை நிறுத்திட்டு இதைப் பண்ணக் கூடாது சித்தி, அதோட சேர்த்துப் பண்ணணும்" என்று நாலு தடவை சொன்னார்.

நான்காவது கீமோவின்போது அம்மா வாந்தி எடுத்தார். முன்பைவிடக் குறைவாகத்தான். அது மணிக்கட்டாலா, டாக்டர் மாத்திரையை மாற்றியதாலா, தெரியாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா உட்கார்ந்து தன் மணிக்கட்டைத் தானே அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதுவரை எல்லாம் அவருக்குச் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. ஊசி, டிரிப்ஸ், ஸ்கேன். முதன்முறையாக அவரே தனக்கு ஏதோ செய்துகொண்டிருந்தார். மாமாவின் பொடியை அவர் ஏன் அவ்வளவு ஆசையாகக் குடித்தார் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

சித்த மருத்துவர்கள் இதைப் படித்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில், ஐந்தரை வருஷப் பட்டப்படிப்பு முடித்தவர்கள், இன்னும் மூன்று வருஷம் எம்.டி படிக்கிறார்கள். முறையான சித்த மருந்து என்றால் பாட்டிலில் உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்கவேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் வந்ததை சித்த மருத்துவம் என்று சொன்னால் முதலில் கோபப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

2020-ல் ஆயுர்வேத முதுநிலை மாணவர்களுக்கு 58 வகை அறுவை சிகிச்சைகளில் பயிற்சி தரலாம் என்று அறிவிப்பு வந்தபோது, அலோபதி டாக்டர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். யார் எதைச் செய்யலாம் என்ற சண்டை எப்போது முடியும் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டது அதைவிடச் சின்ன விஷயம். டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும், நான் ஒரு பாட்டிலைக் காட்டியிருக்கவேண்டும்.

பழைய ஆபீஸ் எடிட்டருக்கு மெயில் போட்டேன். சீந்தில் கட்டுரையில் இரண்டு வரி சேர்த்தார்கள், `கல்லீரல் பிரச்னை உள்ளவர்களும், வேறு சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது' என்று. ஆனால், குடும்ப குரூப்பில் இருப்பது பழைய ஸ்கிரீன்ஷாட். அதில் அந்த இரண்டு வரி இல்லை.

அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்து முடி வளர ஆரம்பித்திருக்கிறது, சுருள் சுருளாக. தீபாவளிக்கு மாமா வந்தார், இன்னொரு பாட்டிலோடு. ``இது வேற, உடம்பு தேற" என்றார். அம்மா சிரித்தபடி வாங்கி வைத்துக்கொண்டார். மாமா கிளம்பியதும் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

``போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பு. அவ என்ன சொல்றான்னு கேட்டுட்டு அப்புறம் பார்க்கலாம்."