சோறு போடும் கம்ப்யூட்டரில் சோதனை வேண்டாம்

திண்டிவனத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர், "லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமாண்ணே?" என்று கேட்டார். கடையில் இருப்பது ஒரே சிஸ்டம். கல்யாணப் பத்திரிகை, பேனர், பாமினி ஃபான்ட் எல்லாம் அதில்தான். தாராளமா பாருங்க தம்பி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாம பாருங்க என்றேன்.

8 ஜிபி பென்டிரைவ் போதும். லினக்ஸ் மின்ட்டை அதில் ஏற்றி, பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லைவாக ஓடும். பிரிண்டரை எடுக்கிறதா, பழைய பாமினி ஃபைல் லிப்ரெஆபிசில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியாமல் தமிழாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஷட்டவுன் செய்தால், விண்டோஸ் இருந்தபடியே இருக்கும். டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால்' ஐகான் ஒன்று சிரிக்கும், அதை மட்டும் தொடாதீர்கள். பிட்லாக்கர் போட்ட லேப்டாப் என்றால் ரெக்கவரி கீயை முதலில் எழுதி வையுங்கள். செக்யூர் பூட் அமைப்பை மாற்றினால் அந்தக் கீயைக் கேட்கும்.

விண்டோஸ் சாஃப்ட்வேரையே சோதிக்க வேண்டுமா? வெர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு எதையும் போட்டுப் பார்க்கலாம், சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ரேம் 8 ஜிபியாவது இல்லையென்றால் மூச்சு வாங்கும். இதற்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸும் உதவும், ஆனால் அது ஹோம் பதிப்பில் கிடையாது.

லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் (BOSS) லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருவில் அதைத் திறந்து பார்த்தவர்களே குறைவு. பாவம்.

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. சந்தேகம் என்றால் அவர்களிடம் கேளுங்கள். பத்திரிகை சீசனில் மட்டும் வேண்டாம், ஆடியில் பார்த்துக்கொள்ளலாம்.