எங்கள் தோழி தேர்ந்தெடுத்த குரல்

எங்கள் சாலவாக்கம் உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையில் சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கூறுகின்றன. இதைப் படித்துப் பெருமை கொண்ட நாங்களே, இவ்வாண்டு ஒரு சிறு தேர்வில் தவறிவிட்டோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பிரெயிலில் விரைவாகப் படிப்பாள். ஆயினும் எல்லாக் குறிப்புகளும் பிரெயிலில் கிடைப்பதில்லை. ஆகவே முறை வைத்து அவளுக்கு வாசித்துக் காட்டினோம். ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் அவரவர் பாடமே அவரவருக்குப் பாரமாகிவிடும். "நீங்கள் படிக்கிற நேரத்தில் நான் காத்திருக்கிறேன்" என்று ஒருநாள் அவள் அமைதியாகச் சொன்னாள். அந்தச் சொல் எங்களைச் சுட்டது.

இதை அறிந்த சிஸ்டர், பழைய மாணவியர் உதவியால் ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தார்கள். அதில் போடவேண்டிய ஸ்கிரீன் ரீடரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கணினி ஆசிரியை எங்களிடம் விட்டார்கள். ஸ்கிரீன் ரீடர் என்பது திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். மவுஸ் வேண்டியதில்லை, விசைப்பலகையே போதும்.

தேடத் தேட வியப்புதான்! ஜாஸ் என்ற மென்பொருளை 1989இல் கொண்டுவந்தவர் அமெரிக்கரான டெட் ஹெண்டர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரரான அவர் 1978இல் ஒரு விபத்தில் பார்வையை இழந்தவர். சென்னை லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளியில் பயின்ற பெனோ ஜெபைன் படித்ததும் ஜாஸின் துணைகொண்டுதான். அவர் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்றவர்களுள் அப்பணியில் சேர்ந்த முதல்வர் அவரே. ஆனால் ஜாஸை விலை கொடுத்து வாங்க வேண்டும். என்.வி.டி.ஏ. இலவசம். அதை 2006இல் தொடங்கியவர் ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன். உடன் உழைத்தவர் அவர் நண்பர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள். விண்டோஸ் கணினியோடு வருகிற நரேட்டரும் உண்டு.

நாங்கள் ஒவ்வொன்றின் குரலையும் கேட்டோம், கைதூக்கி வாக்களித்தோம். வானொலி அறிவிப்பாளர் பேசுவது போல இனிமையாய் ஒலித்த ஒரு குரல் வென்றது. இணையத்தின் வழியாக வரும் குரல் அது. கைதட்டினோம். அப்போதுதான் ஒருத்தி கேட்டாள்: "அவளைக் கேட்டோமா?"

யாரும் கேட்கவில்லை! அவள் அதே அறையில், கடைசிப் பெஞ்சில்தான் இருந்தாள்.

வெட்கத்தோடு அவளை அழைத்தோம். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நல்ல குரல்தான். கதை சொல்ல ஏற்றது. எனக்குப் பாடம் படிக்க வேண்டுமே!" என்றாள். பிறகு மூன்று கேள்விகள் கேட்டாள். தமிழும் ஆங்கிலமும் வாசிக்குமா? வீட்டில் இணையம் இல்லையென்றால் பேசுமா? வேறு கணினிக்கு எடுத்துச் செல்லலாமா? நாங்கள் ஒன்றையும் யோசித்திருக்கவில்லை.

மூன்றுக்கும் ஈடுகொடுத்தது என்.வி.டி.ஏ.தான். அதனுடன் வரும் இ-ஸ்பீக் என்ற குரல் இணையமின்றித் தமிழும் பேசும். பென் டிரைவில் போட்டு எந்த விண்டோஸ் கணினியிலும் இயக்கலாம். ஆனால் அந்தக் குரலோ தகரத்தில் கல் உருட்டியது போல இருந்தது! அவள் வேகத்தைக் கூட்டினாள், மேலும் கூட்டினாள். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஒரு பக்கத்தை நாங்கள் கண்ணால் படித்து முடிப்பதற்குள் அவள் காதால் முடித்துவிட்டாள்.

இன்னொரு பாடமும் கற்றோம். நாங்கள் தட்டச்சு செய்து வைத்திருந்த தமிழ்க் குறிப்புகளைத் திறந்ததும், கணினி பொருளற்ற ஆங்கில எழுத்துகளை ஒப்பித்தது. பழைய எழுத்துருவில் அடித்தது எங்கள் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல்! கரும்பலகையைப் புகைப்படம் எடுத்து அனுப்பியதும் அவளுக்கு வெறும் படமாயிற்று. இரண்டு வாரம் அமர்ந்து எல்லாவற்றையும் யூனிகோடு எழுத்தில் மீண்டும் அடித்தோம்.

குடத்திலிருந்து ஓலையை எடுக்க, சூதறியாத ஒரு சிறுவனை அழைத்தார்களாம் உத்திரமேரூர்ச் சபையார். தேர்ந்தெடுக்கும் கை யாருடையது என்று அவர்கள் அன்றே எண்ணிப் பார்த்தார்கள். நாங்கள் எண்ணவில்லை. உதவி செய்யும் ஆர்வத்தில், உதவி பெறுபவளுக்கும் விருப்பம் உண்டு என்பதை மறந்தோம்.

அன்புத் தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு தோழி வரலாம். முதலில் அவளைக் கேளுங்கள். குறிப்புகளை யூனிகோடில் எழுதுங்கள். படம் அனுப்பினால் அதில் இருப்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள்.

அரையாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் இரவு அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மாறாக, வரலாற்றில் எங்களுக்கு வந்த சந்தேகத்தை அவள்தான் தீர்த்து வைத்தாள். இக்கட்டுரையையும் அவளிடம் கொடுத்தோம். நாங்கள் பிழை திருத்துவதற்குள் அவள் கேட்டு முடித்து, இரண்டு பிழைகளைச் சுட்டிக் காட்டிவிட்டாள்!

- பதினோராம் வகுப்பு மாணவியர்